பனி நாட்டில் வீட்டு மின்சேமக் கலம்

ஸ்ரீநகர், கார்கில், லே முதலிய ஊர்களில் அலுவல் நிமித்தமாகக் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பத்தினர், தென்னாட்டிலிருந்து தம்முடன் கொண்டு செல்லும் வழக்கங்களுள் ஒன்று, இன்வெர்ட்டருக்குரிய பாட்டரியை வெளித்தாழ்வாரத்தில் வைப்பதாகும். சென்னையிலும் மதுரையிலும் அது சரியே. அங்கே பாட்டரிக்குப் பகை வெப்பம்; அதனால் நீர் வற்றும், ஆயுளும் குறையும். ஆனால் டிசம்பர் 21-ஆம் நாள் தொடங்கி நாற்பது நாள் நீடிக்கும் கடுங்குளிரை, 'சில்லை கலான்' என்று காஷ்மீரத்தார் அழைப்பதை, அதே தாழ்வாரத்தில் பாட்டரி தாங்குமா என்பது வேறு வினா. லே நகரில் இரவு வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 15 டிகிரி வரை இறங்குவது குளிர்காலத்தில் புதுமையன்று.

குளிர் மின்சாரத்தை அழித்துவிடுவதில்லை. பாட்டரியினுள் நிகழும் வேதியியல் மாற்றங்களை மந்தப்படுத்துகிறது, அவ்வளவே. நம் நாட்டில் ஈயப் பாட்டரியின் கொள்ளளவை 27 டிகிரி வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டு குறிப்பிடுவது வழக்கம். பூஜ்யம் டிகிரியில் அதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கே கைக்குக் கிட்டும். அதற்கும் கீழே 20 டிகிரி இறங்கினால் பாதியளவே கிட்டும். வெப்பம் திரும்பினால் கொள்ளளவும் திரும்பும். ஆகையால், விளக்கு விரைவில் அணைந்தது கண்டு உடனே பாட்டரியை மாற்ற வேண்டுவதில்லை.

உண்மையான இடர் வேறிடத்தில் உள்ளது. ஈயப் பாட்டரியிலுள்ள கந்தக அமிலக் கரைசல், முழுதும் மின்னேற்றிய நிலையில் அடர்த்தி மிக்கது. லடாக்கின் குளிரிலும் உறையாது. மின்சாரம் செலவாகச் செலவாக அமிலம் ஈயத்தகடுகளுடன் சேர்ந்து, கரைசல் வெறும் நீரை நெருங்குகிறது. ஒப்படர்த்தி 1.25 உள்ள கரைசல் உறைய, பூஜ்யத்துக்குக் கீழே ஏறத்தாழ 50 டிகிரி குளிர் வேண்டும், 1.10 ஆகக் குறைந்துவிட்டாலோ 8 டிகிரியே போதும். மாலையில் முற்றும் செலவழித்துவிட்டு, மின்னேற்றாமல் இரவு முழுதும் வெளியே விட்ட பாட்டரி காலையில் பனிக்கட்டியாகி, தகடுகள் வளைந்து, பெட்டியும் விரிசல் கண்டு நிற்கக்கூடும். உறைந்த பாட்டரியில் மின்னேற்ற முயல்வது வெடிவிபத்துக்கே வழி. மற்றொன்றும் கூறவேண்டும்: வாலை வடிநீரை மாலையில் ஊற்றிவிட்டு அப்படியே விடலாகாது. புதிய நீர் அமிலத்துடன் கலவாது மேலே தங்கி முதலில் உறையும். காலையில் ஊற்றி, உடனே மின்னேற்றினால் இரண்டும் கலந்துவிடும்.

குளிரில் ஈயப் பாட்டரிக்குச் சற்று உயர்ந்த வோல்ட்டேஜும் தேவை. ஒரு கலத்துக்கு, டிகிரி ஒன்றுக்கு ஏறத்தாழ 4 மில்லிவோல்ட்டு என்பது பொதுக் கணக்கு. ஆறு கலங்கள் கொண்ட 12 வோல்ட்டுப் பாட்டரிக்கு, 27 டிகிரியிலிருந்து பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரிக்கு இறங்கும்போது, இது ஏறத்தாழ 0.9 வோல்ட்டு ஆகிறது. மின்னேற்றும் கருவி இதை அறியாவிடில் பாட்டரி என்றும் அரைவயிற்றுடனேயே இருக்கும். அரைவயிற்றுப் பாட்டரி உறையும். வெப்பநிலையை உணரும் கம்பியொன்றைப் பாட்டரியுடன் இணைக்கும் வசதி கருவியில் உண்டா என்று வாங்கும்போதே கேட்டறிக.

இனி, இந்நாளில் பரவிவரும் லித்தியம் பாட்டரியைக் காண்போம். வீடுகளுக்கு ஏற்றதாகக் கருதப்படும் லித்தியம் இரும்புப் பாஸ்பேட்டு வகை, 1997-இல் குட்இனஃப் என்ற அறிஞரின் டெக்சாஸ் ஆய்வகத்திலிருந்து வெளிவந்தது. லித்தியம் பாட்டரி ஆராய்ச்சிக்காக 2019-இல் அவருக்கும் வேறு இருவருக்கும் நோபெல் பரிசு கிடைத்தபோது, அவர் சார்பில் நோபெல் சொற்பொழிவை நிகழ்த்தியவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த ஆறுமுகம் மந்திரம் என்பது நமக்கெல்லாம் உவகை தரும் செய்தி.

இப்பாட்டரி குளிரில் உறைந்து வெடிக்காது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி வரையிலும் மின்சாரம் தரவல்ல வகைகள் பல. ஆனால் பூஜ்யத்துக்குக் கீழே இதில் மின்னேற்றலாகாது. கொடுக்கலாம், வாங்கலாகாது என்னும் இந்த விந்தைக்குக் காரணம் உண்டு. மின்னேற்றும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் புகவேண்டும். குளிரில் அந்நுழைவு மெதுவாகிறது. தேர்த்திருவிழாக் கூட்டம் குறுகிய வாயிலில் நெருங்கி நிற்பது போல், அயனிகள் புறத்தே தேங்கி உலோகமாகப் படிந்துவிடுகின்றன. அவ்வாறு படிந்ததில் பெரும்பகுதி மீளாது. கொள்ளளவு நிலையாகக் குறைகிறது. ஊசிகளாக வளரும் உலோகம் உட்தடுப்பைத் துளைத்துக் குறுக்குச்சுற்றை உண்டாக்குமானால், தீப்பற்றும் அபாயமும் உண்டு.

லடாக்கில் கூரைமேல் சூரியத்தகடு அமைத்தவர்களை இது பெரிதும் தொல்லைப்படுத்தும். காலை 9 மணிக்கு வானம் தெளிவு; தகடும் மின்சாரத்தை வாரி வழங்கும். இரவெல்லாம் குளிர்ந்து கிடந்த பாட்டரியோ உள்ளே இன்னும் பூஜ்யத்துக்குக் கீழேதான் இருக்கும். நல்ல பாட்டரியிலுள்ள காவற்சுற்று அதை ஏற்க மறுக்கும். இது பழுதன்று. சுற்றைத் தவிர்த்து நேரே இணைத்துத் தருகிறேன் என்று சொல்லும் பணியாளரின் உதவியை மரியாதையுடன் மறுத்துவிடுக. வரும் மின்சாரத்தில் முதலில் தன்னைச் சூடேற்றிக்கொண்டு, பின்னர் மின்னேற்றம் பெறும் பாட்டரிகளும் கிடைக்கின்றன. பாட்டரி வெளியேதான் இருக்க வேண்டுமானால் லேயிலும் கார்கிலிலும் அதற்குத் தரும் விலை வீணாகாது. தில்லி அன்பர்களுக்கு அது வேண்டா. அங்கே குளிர் பூஜ்யத்தைத் தொடுவதே அரிது.

எங்கே வைப்பது? லித்தியம் பாட்டரியாயின் வீட்டினுள், தெற்கு நோக்கிய வெயில் படும் அறையே சிறந்தது. வெளியே தெர்மோகோல் போர்த்திய பெட்டியில் வைத்தால் குளிர் உட்புகுவது தாமதப்படுமேயன்றி நின்றுவிடாது. பகலின் வெப்பத்தை இரவுக்குச் சேமிக்கும் அளவில் அது பயன் தரும். ஈயப் பாட்டரியை உள்ளே கொணரும்போது மிகுந்த எச்சரிக்கை தேவை. மின்னேற்றும்போது அது ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே அவ்வாயு தீப்பற்றக்கூடியது. குளிருக்கு அஞ்சிச் சன்னல்களை அடைத்து, புகாரி அடுப்பு எரியும் அறையிலேயே, அல்லது காங்கிரிக் கணப்புச் சட்டியின் அருகே, பாட்டரியை வைப்பது குளிரினும் கொடிய ஆபத்து. தனி அறையில், கூரையை ஒட்டி வாயு வெளியேற ஒரு திறப்புடன் வைத்தல் வேண்டும்.

குளிர்கால விடுமுறையில் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படும் குடும்பங்கள், ஈயப் பாட்டரியை முழுதும் மின்னேற்றி, இணைப்பைக் கழற்றிவிட்டுச் செல்க. குளிரில் அது தானாக இழக்கும் மின்சாரம் மிகக் குறைவு. லித்தியம் பாட்டரியைப் பாதியளவு மின்னேற்றத்துடன் இணைப்பு நீக்கி விட்டால் போதும். திரும்பி வந்ததும் முதலில் அறையைச் சூடாக்குக. பாட்டரியின் உட்புறமும் சூடேற ஒரு முழுப் பகலாவது ஆகும். மின்னேற்றும் கருவியின் பொத்தானை மறுநாள் அழுத்தலாம்.