பொம்மை ரெயிலை நிறுத்தும் கறுப்பு மை!

ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் ஒரு குட்டி உலகம் இருக்கிறது. "மினியாட்டூர் வுண்டர்லாண்ட்" என்று பெயர். 2001-ம் ஆண்டில் திறந்தார்கள். மலை, ஊர், துறைமுகம் எல்லாம் பொம்மைதான். ஆயிரத்துக்கும் அதிகமான ரெயில்கள் உண்டு. நிஜ ரெயிலை 87 பங்காக்கினால் அதில் ஒரு பங்கு உயரம்! தண்டவாளங்களின் இடைவெளி 16.5 மில்லி மீட்டர்தான்.

இத்தகைய ரெயில்களுக்குப் பெரிய எதிரி எது தெரியுமா?

அழுக்கு!

பொம்மை என்ஜினுக்கு மின்சாரம் தண்டவாளம் வழியாக வருகிறது. சக்கரம் அதை வாங்கி மோட்டாருக்குக் கொடுக்கிறது. ஓடும்போது சிறு பொறிகள் பறக்கும். தூசியும் எண்ணெயும் சேர்ந்து கறுப்பு மையாகப் படியும். பிறகு மின்சாரம் சரியாக ஏறாது. விளக்கு மினுக்கும். என்ஜின் விக்கி விக்கி நின்றுவிடும்.

உப்புத்தாளால் தேய்க்கலாமா? கூடாது. பளபளப்பு வரும்; கீறலும் விழும். கீறலில் அழுக்கு இன்னும் சீக்கிரம் சேரும்.

ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைப்பது நல்லது. ஆனால், அது சட்டென்று தீப்பிடிக்கும்! மின்சாரத்தை நிறுத்தி, ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் துடைக்கவேண்டும். நன்றாகக் காய்ந்த பிறகே வண்டியை விடவேண்டும். இது பெரியவர்கள் செய்யும் வேலை.

சக்கரங்களையும் துடைக்கவேண்டும். இல்லாவிட்டால் சக்கரத்து மை மறுபடி தண்டவாளத்துக்கே வந்துவிடும்.

சிலர் சரக்குப் பெட்டியின் அடியில் துடைப்புப் பட்டை பொருத்தி ஓடவிடுகிறார்கள். ரெயிலே தன் பாதையைத் துடைத்துக்கொண்டு போகிறது!