குழாய் யார் கையில்?



பீரங்கிக்குப் பணியாத கோட்டையும் தாகத்துக்குப் பணிந்துவிடும். ஏட்டுச் சுரைக்காய் அல்ல இது. சிங்கப்பூர் எனும் சின்னஞ்சிறு தீவு செந்நீர் சிந்திக் கற்ற பாடம்.

1942, ஜனவரி 31. ஜப்பானியப் படை மலாயாவை விழுங்கியபடி தெற்கே வருகிறது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை, ஜொகூரையும் சிங்கப்பூரையும் இணைத்த கடற்பாலத்தைத் தானே வெடிவைத்துத் தகர்க்கிறது. எதிரியைத் தடுக்க வைத்த வெடி! ஆனால் அந்தப் பாலத்தின் மீதுதான் ஜொகூர்த் தண்ணீர் வரும் குழாயும் கிடந்தது. பாலத்தோடு குழாயும் போயிற்று. அடுத்த இரண்டு வாரத்தில், குண்டு வீச்சிலே நகரத்துக் குழாய்கள் உடைந்து, குடிக்க வேண்டிய நீர் தெருவிலே ஓடிற்று. நீர்த்தேக்கங்களோ எதிரியின் பிடியிலே. பிப்ரவரி 15ஆம் நாள், தளபதி பெர்சிவல் வெள்ளைக்கொடியோடு நடந்தார். அசைக்க முடியாத கோட்டை என்று பறைசாற்றப்பட்ட தீவு சரணடைந்தது. அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று, தண்ணீர்!

வானம் பொய்த்த பாலைவனமா அது? இல்லை. ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீட்டர் மழை பெறும் மண். பெய்கிறது, ஆனால் தங்க இடமில்லை. பெரிய ஆறு இல்லை. இயற்கை ஏரி இல்லை. நிலத்தடி நீரும் சொற்பம். கடலைத் தூர்த்துச் சேர்த்த நிலத்தையும் கூட்டினாலும் 750 சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் தீவு. பெய்த மழை சில மணி நேரத்திலே ஊரை மூழ்கடிக்கும். மறுநாள் கடலிலே கலக்கும். அடுத்த மாதம் குடம் காலியாக நிற்கும்.

1963இல் வறட்சி வந்தது. ஏப்ரலிலிருந்து பத்து மாதம் முறைவைத்துத் தண்ணீர் விட்டார்கள். 1978 டிசம்பர் 2இல் வானம் பிளந்தது. ஒரே நாளில் 512 மில்லிமீட்டர் மழை. ஏழு உயிர்கள் பலி. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் வீட்டை விட்டு வெளியேற்றப்பட்டனர். வறட்சியிலே குடம் தூக்கியவனும் ஏழை. வெள்ளத்திலே குழந்தையைத் தோளில் தூக்கியவனும் ஏழை! வெள்ளமும் வறட்சியும் இரு வேறு பகைகள் என்று எண்ணாதீர்கள், தோழர்களே. தேக்கத் தெரியாத தண்ணீர் பெற்ற இரட்டைப் பிள்ளைகள் அவை.

உள்ளூர் நீர் போதாதபோது அயலான் வாசலிலே நிற்க வேண்டும். 1961இலும் 1962இலும் ஜொகூருடன் ஒப்பந்தங்கள் எழுதப்பட்டன. முதலாவது 2011இல் முடிந்தது. இரண்டாவது 2061 வரை நடக்கும்: நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை எடுத்துக்கொள்ளலாம்; ஆயிரம் காலனுக்கு 3 சென் விலை. மலிவுதான். ஆனால் 1965இல் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்தபோது நடந்தது என்ன? தமக்குப் பாதகமாக நடந்தால் ஜொகூர்த் தண்ணீரை நிறுத்துவோம் என்று மிரட்டி அழுத்தம் தரலாமென்று துங்கு அப்துல் ரகுமான் பிரிட்டிஷ் தூதரிடம் சொன்னதாக, லீ குவான் யூ தம் நினைவுக் குறிப்புகளிலே எழுதினார். கொடி தன் கையில். குழாய் பிறர் கையில்! அது அரை விடுதலையன்றோ?

எனவே அந்தத் தீவு துணிந்தது. பெய்யும் துளி எதுவும் வேலை செய்யாமல் கடலுக்குப் போகக் கூடாது என்று முடிவு கட்டியது. 1975இல் கிராஞ்சியின் கழிமுகம் அடைக்கப்பட்டு நன்னீர்த் தேக்கம் ஆயிற்று. இன்று நீர்த்தேக்கங்கள் 17. நாட்டின் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கிலே விழும் மழை அவற்றுக்கு வந்து சேருகிறது. மழைநீருக்கு ஒரு வழி, சாக்கடைக்கு வேறு வழி, இரண்டும் கலக்காது. இதுவே அடித்தளம்.

2008இல் எழுந்த மரீனா அணையைப் பாருங்கள். நகரத்தின் வாசலிலே, கடலை மறித்து, 350 மீட்டர் நீளம். ஒன்பது எஃகு மதகுகள். கனமழை பெய்யும்போது கடல் தாழ்ந்திருந்தால் மதகு திறக்கும். மிகுநீர் தானே வடியும். கடல் உயர்ந்திருந்தால் மதகு மூடியே இருக்கும். ஏழு ராட்சதப் பம்புகள், ஒவ்வொன்றும் வினாடிக்கு 40 கனமீட்டர், உள்நீரை வெளியே இறைக்கும். வெள்ளத்துக்குத் தாழ்ப்பாள், தாகத்துக்குத் தொட்டி!

ஆனால் தொட்டியிலே விழும் நீர் தூய்மையாக இருக்கவேண்டுமே! அதற்கான வேலை 1977இலேயே தொடங்கிற்று. பத்தாண்டு உழைத்து, நாறிக் கிடந்த சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் ஆற்றையும் துலக்கினார்கள். கைதட்டுமுன் கணக்கையும் கேளுங்கள். சுமார் 26,000 குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. ஏறத்தாழ 5,000 தெருக்கடை வியாபாரிகள் அகற்றப்பட்டனர். பன்றிப் பண்ணைகளும் வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. அடுக்குமாடி வீடு கிடைத்தது, உண்மை. அங்காடி நிலையத்தில் கடை கிடைத்தது, அதுவும் உண்மை. ஆனால் பரம்பரைத் தொழிலை அடுக்குமாடியிலே வளர்க்க முடியுமா? ஆறு தெளிய அவர்கள் கலங்கினார்கள்.

2003இல் நியூவாட்டர் வந்தது. கழிவுநீரை நுண்வடிகட்டி, சவ்வுகளின் வழியே அழுத்திச் செலுத்தி, புற ஊதாக் கதிரிலே காட்டி எடுத்த தூயநீர். முகம் சுளித்தோர் பலர். பெரும்பகுதி ஆலைகளுக்குப் போகிறது. வறண்ட காலத்திலே நீர்த்தேக்கத்திலும் கலக்கிறது. 2005இல் கடல்நீரைக் குடிநீராக்கும் முதல் பெரிய ஆலையும் வந்தது. இரண்டுக்கும் மின்சாரம் வேண்டும். மின்சாரத்துக்குக் காசு வேண்டும். 2017இல் தண்ணீர் விலையை இரு தவணையாக 30 சதவீதம் உயர்த்துவதாக அரசு அறிவித்தபோது மக்கள் முணுமுணுத்தனர். கண்டனக் கூட்டமும் நடந்தது.

வெற்றி முழுமையா? இல்லை. 2010 ஜூனிலே, பகட்டான ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளுக்குள் வெள்ளம் புகுந்தது. 2016இல் ஜொகூரின் லிங்கியு நீர்த்தேக்கம் 20 சதவீதத்துக்கு இறங்கியது. இயற்கை எவருக்கும் ஓய்வுச் சீட்டு எழுதித் தருவதில்லை!

அந்தத் தீவின் நகராட்சிப் பணியிலே வியர்வை சிந்தியவர்களில் நம் தமிழர்கள் பலர். இன்றும் தமிழகத்துப் பிள்ளைகள் அங்கே கட்டுமான வேலையிலே நிற்கிறார்கள். எனவே இது நமக்கு அயலார் கதையல்ல.

இக்கதையின் கரு என்ன? 2001இல், குடிநீர், வடிகால், கழிவுநீர் மூன்றும் ஒரே வாரியத்தின் கைக்கு வந்தன. வெள்ளத்துக்கு ஓர் அலுவலகம், குடிநீருக்கு வேறோர் அலுவலகம் என்றிருந்தால், ஒன்று கடலுக்கு விரட்டும் நீரை மற்றொன்று கடன் வாங்கித் தேடும். இதை உணர்ந்தது அறிவு.

ஆனால் அறிவு மட்டும் போதாது, நீதியும் வேண்டும். அணையின் உயரத்தை அளப்பதற்கு முன், அதற்காக இடம்பெயர்ந்தவன் வாழ்வை அளக்கவேண்டும். பம்பின் வேகத்தைப் புகழ்வதற்கு முன், கடைசி வீட்டுக் குழாயிலே நீர் வருகிறதா, அதன் விலை உழைப்பவன் கூலிக்குள் அடங்குகிறதா என்று கேட்கவேண்டும்.

குழாய் பிறர் கையிலிருந்து நாட்டின் கைக்கு வந்தால் அது விடுதலை. நாட்டின் கையிலிருந்து ஏழையின் குடத்துக்கு வந்தால்தான் அது வெற்றி!