கச்சேரிக்கு ஓடினா ஹால் டிக்கெட் போச்சு! இசைக்கல்லூரி மாணவர்களே... இதையெல்லாம் தெரிஞ்சுக்குங்க

சென்னை:

'பாட்டுக் காலேஜ்தானே... அங்க என்ன பெரிய கெடுபிடி இருக்கப் போகுது?' என்று நினைத்து இசைத் துறையில் சேருபவர்கள் இன்றைக்கும் உண்டு. பிள்ளைக்கு நல்ல குரல் இருக்கு, சேர்த்துவிட்டால் மூன்று வருஷத்தில் பட்டத்தோடு வந்துவிடுவான் என்பது பெற்றோர் போடும் கணக்கு.

ஆனால் நன்றாகப் பாடுகிற பையனும், அருமையாகத் தவில் வாசிக்கிற பையனும்கூட கோட்டைவிடும் இடம் ஒன்று இருக்கிறது. அது மேடை இல்லை. வருகைப் பதிவேடு!

ராகமும் தாளமும் கைவந்த மாணவன், பரீட்சை ஹாலுக்கு வெளியே நிற்கிறான் என்றால் யாருக்குத்தான் மனசு கேட்கும்? அதனால், இசைத் துறையில் மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள், எந்த விதி எங்கே கடிக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குருகுலம் வேற... கல்லூரி வேற

அந்தக் காலத்தில் குரு வீட்டில் தங்கிப் படித்தார்கள். குரு கச்சேரிக்குக் கிளம்பினால் சிஷ்யன் தம்பூராவைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போவான். மேடையில் உட்கார்ந்து பின்பாட்டு பாடுவான். அதுதான் பாடம், அதுதான் பரீட்சை.

சிதம்பரத்தில் 1929ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வந்தபோது இசைப் படிப்பும் அங்கே வேர்விட்டது. சென்னையில் 1949ல் அரசு இசைக்கல்லூரி தொடங்கியது. அதன் முதல்வராக இருந்தவர் முசிறி சுப்பிரமணிய அய்யர். அடையாற்றங்கரையில் இருக்கும் பழைய பிராடி கோட்டை பங்களாதான் பிறகு அந்தக் கல்லூரியின் இடமானது. மதுரை, கோவை, திருவையாறு என்று மற்ற ஊர்களிலும் அரசு இசைக்கல்லூரிகள் வந்தன. 2013ல் இசைக்கும் கவின்கலைக்கும் தனிப் பல்கலைக்கழகமே தொடங்கிவிட்டார்கள்.

குருகுலத்தில் இல்லாத ஒன்று கல்லூரியோடு சேர்ந்து வந்தது. அதுதான் மணி அடிப்பதும், பெயர் கூப்பிடுவதும்! குருகுலத்தில் கச்சேரிக்குப் போனால் பாடம். கல்லூரியில் வகுப்பை விட்டுவிட்டுக் கச்சேரிக்குப் போனால் ஆப்சென்ட். இந்த ஒரு வித்தியாசம் புரியாமல் சேர்ந்தால் கஷ்டம்தான்.

22 நாள்... 11 கல்யாணம்!

தமிழகப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக ஒரு செமஸ்டருக்கு 90 வேலை நாட்கள். அதில் 75 சதவீதம் வந்திருக்க வேண்டும். அதாவது 68 நாள். மிச்சம் இருப்பது 22 நாள்தான்.

68 நாளுக்குக் கீழே போய், 65 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், அதாவது 59 முதல் 67 நாள் வரை வந்திருந்தால், காரணம் காட்டி, அபராதக் கட்டணம் கட்டிப் பரீட்சை எழுத அனுமதி கேட்கலாம். அதற்கும் கீழே, 50 சதவீதம் வரை என்றால் அந்த செமஸ்டர் பரீட்சை கிடையாது, அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கணும். 45 நாள்கூட வரவில்லை என்றால் அந்த செமஸ்டரையே திரும்பப் படிக்க வேண்டியதுதான். கல்லூரிக்குக் கல்லூரி கொஞ்சம் மாறலாம். ஆனால் அடிப்படைக் கணக்கு இதுதான்.

இதில் அதிகம் அடிபடுவது நாதஸ்வரம், தவில் படிக்கிற பிள்ளைகள். ஒரு கல்யாணம் என்றால் முதல்நாள் சாயந்திரம் மாப்பிள்ளை அழைப்பு, மறுநாள் காலையில் முகூர்த்தம். வெளியூர் என்றால் பஸ் பிரயாணம் வேறு. வேலை நாளில் விழுந்தால் ஒரு கல்யாணத்துக்கு 2 நாள் காலி. அப்படிப் பார்த்தால் 22 நாள் என்பது வெறும் 11 கல்யாணம்! நடுவில் காய்ச்சல், தலைவலி வந்தால் அதுவும் குறையும்.

டிசம்பரில் தொடங்கும் செமஸ்டரில்தான் தை, மாசி, பங்குனி மூன்றும் வருகின்றன. முகூர்த்தம் வரிசைகட்டி நிற்கும் மாதங்கள். ஜூனில் தொடங்கும் செமஸ்டரில் ஆனி, ஆவணி முகூர்த்தங்கள் போக, ஆடி வந்தால் அம்மன் கோவில் திருவிழா. அப்பாவோ சித்தப்பாவோ செட் வைத்து நடத்துகிற வீட்டில், 'ஒரு ஆள் குறையுதுடா, வந்துட்டுப் போ' என்று போன் வரும்போது மாட்டேன் என்று சொல்ல முடியுமா? அந்தச் சம்பளத்தில்தான் சிலருக்கு ஹாஸ்டல் செலவே ஓடுகிறது.

'கெமிஸ்ட்ரி மாணவனுக்கு லேப் மாதிரி எங்களுக்குக் கல்யாண வீடு. அதுக்குப் போனா ஆப்சென்ட்டா?' என்று கேட்டால், கேள்வி நியாயமானதுதான். ஆனால் விதி எல்லாப் பாடத்துக்கும் சேர்த்துப் போட்டது. மேளக்காரருக்கு என்று தனிப் பதிவேடு இல்லை.

ராகத்தை ஜெராக்ஸ் எடுக்க முடியுமா?

விதி கிடக்கட்டும், படிப்புக்காகவும் தினமும் வந்தே ஆக வேண்டிய துறை இது. வரலாறு படிக்கிற மாணவன் நாலு நாள் வரவில்லை என்றால் நண்பன் நோட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொள்வான். பாட்டு வகுப்பில் அது நடக்காது. ஆசிரியர் ஒரு சங்கதி பாடுவார், மாணவர்கள் திருப்பிப் பாடுவார்கள். தப்பு வந்தால் அங்கேயே திருத்துவார். ஸ்வரத்தை எழுதி வைத்துக்கொள்ளலாம். அந்த ஸ்வரத்தை எப்படி அசைக்கணும் என்பதை எந்த நோட்டில் எழுதுவது? தோடியின் காந்தாரத்தைக் காதால் வாங்கித்தான் தொண்டையில் ஏற்ற முடியும்.

பாடத்திட்டமும் படிக்கட்டு மாதிரிதான். சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம், கீதம், வர்ணம், கீர்த்தனை என்று ஏறி, கடைசியில் ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம் என்று போகும். நடுவில் இரண்டு படி உடைந்தால் மேலே ஏறும்போது கால் தடுமாறும்.

தியரியா... அய்யோ சாமி!

நன்றாகப் பாடுகிறவர்கள் அரியர் வைப்பது தியரியில்தான் என்று துறைகளில் வேடிக்கையாகச் சொல்வது உண்டு. 72 மேளகர்த்தா ராகங்கள், 35 தாளங்கள், வாக்கேயக்காரர்கள் வரலாறு, சிலப்பதிகார காலத்து இசை, வாத்தியங்களின் அமைப்பு என்று படிக்க நிறையவே இருக்கு. இதோடு தமிழ், ஆங்கிலம் போன்ற பொதுப் பாடங்களும் உண்டு. மேடையில் கைதட்டல் வாங்கியவர் என்பதற்காக ஆங்கிலத் தாளில் மார்க் போடமாட்டார்கள்!

செய்முறைத் தேர்வுக்கு வெளியில் இருந்தும் தேர்வாளர் வருவார். படித்த உருப்படிகளின் பட்டியலைப் பார்த்து 'இதைப் பாடு, இதை இரண்டு காலத்தில் பாடு' என்பார். ரெக்கார்டு நோட்டில் ஸ்வரக் குறிப்போடு எழுதி ஆசிரியரிடம் கையெழுத்து வாங்கி வைத்திருக்கணும். கடைசி வாரத்தில் மொத்தமாக எழுதி நீட்டினால் கையெழுத்து கிடைப்பது சிரமம்.

வீட்டில் தனி குருவிடம் படிப்பவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே கீர்த்தனைக்கு அந்தப் பாடாந்தரத்தில் ஒரு சங்கதி இருக்கும், வகுப்பில் வேற சங்கதி சொல்லித் தருவார்கள். 'எங்க சார் இப்படிச் சொல்லித் தரலையே' என்று வகுப்பில் மல்லுக்கு நிற்காதீங்க. எதைப் பாடணும் என்று முதலிலேயே கேட்டுத் தெளிவாகிவிட்டால் தேர்வில் குழப்பம் வராது.

வாத்தியம் யார் பொறுப்பு?

வீணை, தம்பூரா போன்றவற்றைத் துறையில் கொடுப்பார்கள். எடுக்கும்போது ரெஜிஸ்டரில் கையெழுத்து, வைக்கும்போதும் கையெழுத்து. தேய்ந்த தந்தியை மாற்றுவது யார் செலவு, உடைந்தால் யார் பணம் கட்டுவது என்பதை முதல் வாரத்திலேயே கேட்டுக்குங்க. பலா மரத்தில் செய்த தஞ்சாவூர் வீணை கீழே விழுந்தால் ரிப்பேர் சின்னத் தொகையில் முடியாது.

சீவாளி, வில்லுக்குப் போடும் ரோசனம், தவிலுக்கு விரல் கூடு எல்லாம் மாணவர் சொந்தச் செலவாகத்தான் இருக்கும். சொந்த வாத்தியம் கொண்டு வந்தால் பெட்டியில் பெயர் எழுதி வையுங்க. அடுத்தவர் மிருதங்கத்தைக் கேட்காமல் தொடுவது, துறையில் பெரிய குற்றம் மாதிரி!

சாதகம் செய்யும் அறைக்கும் நேரம் உண்டு. பக்கத்து அறையில் குரலிசை வகுப்பு நடக்கும்போது இந்தப் பக்கம் தவிலை விளாசினால் என்ன ஆகும்? ஒதுக்கிய நேரத்தில், ஒதுக்கிய அறையில்தான் வாசிக்கணும்.

செல்போனில் ரெக்கார்டு செய்யலாமா?

பாடத்தைப் பதிவு செய்து வீட்டில் போட்டுக் கேட்பது நல்ல பழக்கம்தான். ஆனால் ஆசிரியரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்யணும். அதை வாட்ஸ்-அப்பில் சுற்றவிடுவதோ, யூடியூப்பில் ஏற்றுவதோ கூடவே கூடாது. அதேபோல கல்லூரிப் பெயரைப் போட்டு வெளிக்கச்சேரி நோட்டீஸ் அடிப்பதற்கு முன்பு துறைத் தலைவரிடம் அனுமதி வாங்கிடுங்க.

தொட்டுத் திருத்தும்போது...

வில் பிடிக்கிற கையைத் திருத்த, உட்காரும் விதத்தைச் சரிசெய்ய ஆசிரியர் மாணவரைத் தொட வேண்டி வரலாம். தனியாக ஒரே ஆளுக்குப் பாடம் நடப்பதும் உண்டு. அதனாலேயே இங்கே எல்லைக்கோடு தெளிவாக இருக்கணும். கேட்டுவிட்டுத் தொடுவது, கதவைத் திறந்து வைத்துப் பாடம் நடத்துவது, பாடத்துக்கு என்று ஆசிரியர் வீட்டுக்குத் தனியாகக் கூப்பிடாமல் இருப்பது, இவையெல்லாம் மாணவர்கள் தயங்காமல் எதிர்பார்க்கலாம்.

2023ல் சென்னை கலாக்ஷேத்ராவில் பாலியல் தொல்லை புகார் எழுப்பி மாணவிகள் போராட்டத்தில் உட்கார்ந்தது நினைவிருக்கும். மாநில மகளிர் ஆணையம் வரை விவகாரம் போனது. குருபக்தி என்பது வாயை மூடிக்கொண்டு இருப்பது அல்ல என்று அந்தப் பிள்ளைகள் காட்டினார்கள்.

யு.ஜி.சி.யின் 2015ம் ஆண்டு விதிப்படி ஒவ்வொரு கல்லூரியிலும் உள் புகார் குழு இருந்தே ஆகணும். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்கலாம், தகுந்த காரணம் இருந்தால் மேலும் 3 மாதம் அவகாசம் உண்டு. ராகிங் என்றால் தமிழகத்தில் 1997ம் ஆண்டு சட்டம் இருக்கிறது. 2 ஆண்டு வரை ஜெயில், 10 ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஜூனியரைப் பாடச் சொல்லி மிரட்டுவதும் ராகிங்தான், 'சும்மா ஜாலிக்கு' என்று தப்பிக்க முடியாது.

அப்போ கச்சேரிக்கே போகக்கூடாதா?

போகலாம். கணக்குப் போட்டுப் போகணும்.

முதலில், செமஸ்டர் தொடங்கும்போதே பஞ்சாங்கத்தையும் கல்லூரி காலண்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்க. ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம், அரசு விடுமுறை முகூர்த்தம் எவை என்று குறித்துக்கொண்டு அவற்றை முதலில் ஒத்துக்குங்க. வேலை நாளில் வருவதை எண்ணி எண்ணிச் செலவு பண்ணுங்க. 22ல் பத்தையாவது காய்ச்சலுக்கும் வீட்டு விசேஷத்துக்கும் ஒதுக்கி வைப்பது புத்திசாலித்தனம்.

அடுத்து, 'ஆன் டியூட்டி' எதற்குக் கிடைக்கும் என்று தெரிஞ்சுக்குங்க. கல்லூரி சார்பில் போகும் போட்டிகள், துறையே அனுப்பும் அரசு விழாக்கள் போன்றவற்றுக்கு ஓ.டி. கிடைக்கும். திருவையாறு ஆராதனைக்குத் துறையோடு சேர்ந்து போனால் ஒரு கணக்கு, தானாகப் போனால் வேற கணக்கு. சொந்தமாக ஒத்துக்கொண்ட கல்யாணக் கச்சேரிக்கு ஓ.டி. எதிர்பார்க்காதீங்க. எதுவானாலும் கடிதம் போவதற்கு முன்பு கொடுக்கணும். வந்த பிறகு கொடுக்கும் கடிதத்துக்கு மதிப்பு குறைவு.

மூன்றாவது, மாதம் ஒருமுறை உங்க சதவீதத்தைத் துறையில் கேளுங்க. சில கல்லூரிகளில் நாள் கணக்கு இல்லை, மணிக்கணக்கு. காலையில் இரண்டு வகுப்புக்கு டிமிக்கி கொடுத்தாலே அரை நாள் போயிருக்கும், உங்களுக்கே தெரியாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. முகூர்த்த நாளில் பிள்ளையை அழைப்பதற்கு முன்னால் 'உனக்கு எத்தனை நாள் மிச்சம் இருக்கு?' என்று ஒரு கேள்வி கேளுங்க. பள்ளிக்கூடத்தில் இசை ஆசிரியர் வேலைக்குப் போனால் அங்கே முதலில் கேட்பது சான்றிதழைத்தான். ஒரு முகூர்த்தத்துச் சம்பளம் அன்றைக்குச் செலவாகிவிடும், பட்டம் கடைசி வரைக்கும் சோறு போடும்.

தாளம் தப்பினா அடுத்த ஆவர்த்தனத்துல பிடிச்சுக்கலாம். அட்டெண்டன்ஸ் தப்பினா... அடுத்த வருஷம்தான்!