மறதி நோயாளரைப் பேணுவோரும் மருத்துவ ஆராய்ச்சியும்

புதிய விதையோ உரமோ நம் மண்ணுக்கு ஏற்றதா என்று அறிய, விவசாய இலாகாவினர் நம் வயல்களிலேயே செயல்விளக்கத் திடல் அமைப்பதை நாம் யாவரும் அறிவோம். ஒரு பாத்தியில் புது முறை, அடுத்த பாத்தியில் பழைய முறை. அறுவடையின்போது இரண்டையும் நிறுத்துப் பார்த்தே முடிவு கூறப்படுகிறது. நிலத்தைத் தர ஒரு விவசாயி முன்வராவிடில் அச்சோதனை நடைபெறாது. மனிதருக்கு வரும் நோய்களைப் பற்றிய ஆராய்ச்சியும் இவ்வாறே பொதுமக்களின் ஒத்துழைப்பை நம்பி நிற்கிறது. எனினும் வயல் வேறு, வீடு வேறு. வீட்டினுள் ஆய்வாளர் நுழைவதற்குச் சில நியதிகள் உண்டு. அவற்றை ஊராட்சி உறுப்பினர்கள் அறிந்திருத்தல் அவசியம்.

டிமென்ஷியா எனப்படும் மறதி நோய் முதுமையின் இயல்பு அன்று. அது மூளையைப் பற்றும் நோய்களால் விளைவது. சற்று முன் உண்டதை மறத்தல், பழகிய தெருவில் வழி தவறுதல், பெற்ற மக்களையே யாரென வினவுதல், இரவில் உறங்காது அலைதல் முதலியன இதன் குறிகள். 2023-ம் ஆண்டில் வெளியான அகில இந்திய ஆய்வு ஒன்று, அறுபது வயது கடந்தோரில் நூற்றுக்கு 7.4 பேருக்கு, அதாவது நாடெங்கும் சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாக மதிப்பிட்டது. நகரங்களில் நூற்றுக்கு 5.3 ஆக இருக்க, கிராமங்களில் 8.4 ஆக இருந்தது. முதியோர் நானூறு பேர் வாழும் ஓர் ஊராட்சியில், பொது விகிதப்படி கணக்கிட்டாலே, ஏறக்குறைய முப்பது வீடுகளில் இந்நோய் இருக்கக்கூடும். ஆயினும் நம் ஊரில் அத்தகையோர் எத்தனை பேர் என்று வினவினால், ஒருவர் இருவரைத் தவிரச் சொல்வார் இலர். 'வயதானால் அப்படித்தான்' என்ற ஒரு சொல்லில் மற்ற வீடுகள் மறைந்து விடுகின்றன.

வீட்டார் ஏன் தேவை?

காய்ச்சல் கண்டவர் தம் உபாதையைத் தாமே கூறுவார். மறதி நோயாளரோ தமக்கு ஒரு குறையும் இல்லை என்றே பெரும்பாலும் கூறுவார். நேற்று எப்படி இருந்தார், சென்ற ஆண்டு எப்படி இருந்தார் என்பதை உடனிருந்து பேணுபவரே அறிவார். ஆகவே இந்நோய் பற்றிய ஆய்வுகளில் முதியவரிடம் ஒரு வினாத்தாளும், அவரை நன்கறிந்த வீட்டார் ஒருவரிடம் மற்றொரு வினாத்தாளும் கேட்கப்படுகின்றன. வேறு சில ஆய்வுகள் பேணுபவரையே பொருளாகக் கொண்டவை. அவருடைய உறக்கம், உடல் நலம், மனச்சுமை, இழந்த கூலி ஆகியவற்றை அறிந்து, எவ்வகை உதவி பயன் தரும் என்று காண்பதே அவற்றின் நோக்கம்.

நம் நாட்டின் அனுபவம்

உலகின் மறதி நோயாளரில் மூன்றில் இரு பங்கினர், அதாவது நூற்றுக்கு 66 பேர், வளரும் நாடுகளில் இருந்தனர். ஆராய்ச்சியிலோ நூற்றுக்குப் பத்துப் பங்கு கூட அவர்களைப் பற்றியதாக இல்லை. இக்குறையைப் போக்க 1998-ல் கொச்சியில் கூடிய அறிஞர்கள் தம் குழுவுக்குப் '10/66' என்றே பெயரிட்டனர். அக்குழு நம் ராஜ்யத்தில் சென்னையிலும் வேலூர்ப் பகுதியிலும் முதியோரை வீடு வீடாகச் சென்று கண்டது. அதற்கு முன்னரே, 1997-ல், திருப்போரூர்ப் பகுதியின் கிராம முதியோரைப் பற்றிய ஆய்வு ஒன்று வெளியாகியிருந்தது.

கேரளத்தில் திருச்சூர்ப் பகுதியில் நடந்த ஆய்வுகள் நமக்கு மிகவும் பொருந்துவன. மருத்துவர் கே. எஸ். ஷாஜி முதலானோர் உள்ளூர்ச் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சியளித்து, தத்தம் பகுதியில் இந்நோய் இருக்கக் கூடியவர்களைக் குறிக்கச் செய்தனர். மருத்துவர் சென்று பார்த்தபோது, குறிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் இருந்தது உறுதியாயிற்று. ஆஸ்பத்திரி வாசலில் காத்திருந்தால் ஒருபோதும் காணக் கிடைக்காத குடும்பங்கள் இவை. அவர்கள் 2003-ல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில், பேணுவோரில் பலர் மருமகள்மார் என்பதும், நோயின் விளைவான செயல்களை வேண்டுமென்றே செய்யும் தொல்லை என அவர்கள் எண்ணி மனம் வருந்தினர் என்பதும் தெரிய வந்தன.

கோவாவில் 81 குடும்பங்கள் பங்கு கொண்ட சோதனையின் முடிவு 2008-ல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் வீட்டுக்கு வந்து நோயை விளக்கி, பேணும் முறைகளைச் சொல்லித் தந்தனர். அவ்வுதவி பெற்றோரின் மனச்சுமை குறைந்தது. எக்குடும்பத்துக்கு உடனே உதவி, எதற்கு ஆறு மாதங்களுக்குப் பின் என்பது குலுக்கல் முறையில் முடிவு செய்யப்பட்டது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளிற் காணும் குடவோலை முறையை அறிந்த நமக்கு இது புதிதன்று. வேண்டியவர், வேண்டாதவர் என்ற பேதம் நுழையாதிருக்கவே குலுக்கல். உதவி பெற்றவரையும் பெறாதவரையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் அதன் பயன் விளங்கும்.

தயக்கத்தின் காரணங்கள்

குடும்பத்தார் முன்வரத் தயங்குவதற்குத் தக்க காரணங்கள் உள. முதலாவது, மானம். மூத்தவருக்குப் புத்தி பேதலித்தது என்ற பேச்சு பரவினால், பெண்ணுக்கு வரும் சம்பந்தம் தடைப்படுமோ என அஞ்சுகின்றனர். இரண்டாவது, சொத்து. நிலம் முதியவர் பெயரில் இருக்கையில், அவரிடம் கைநாட்டு வாங்க எவர் வந்தாலும் சந்தேகம் எழுவது இயற்கையே. மூன்றாவது, அவகாசமின்மை. நிலக்கோட்டைப் பக்கம் மல்லிகை பறிப்பவர் பொழுது விடியுமுன் தோட்டத்தில் இருப்பார்; வேடசந்தூர்ப் பக்கம் நூற்பாலைக்குச் செல்பவர் ஷிப்ட் முடிந்தே வீடு திரும்புவார். அலுவலக நேரத்தில் வரும் ஆய்வாளர் பூட்டிய கதவையே காண்பார். நான்காவது, மொழி. நம் ஜில்லாவின் சமவெளியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுவோர் பலர். அவர்களிடம் கடினமான தமிழில் அச்சிட்ட படிவத்தை நீட்டுவதால் பிரயோஜனம் இல்லை.

இத்தடைகளை நீக்காமல் எளிதில் வருபவர்களை மட்டும் சேர்த்துக் கொண்டால், படித்த, வசதியுள்ள நகரக் குடும்பங்களே ஆய்வில் இடம் பெறும். அதன் முடிவும் அவர்களுக்கே பொருந்தும். களத்து மேட்டில் முதியவரை அமர்த்தி விட்டுக் களை பறிக்கச் செல்லும் பெண்ணுக்குப் பொருந்தாது.

சம்மதம் யாருடையது?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2017-ல் வெளியிட்ட அறநெறி விதிகள் இவ்விஷயத்தில் தெளிவானவை. ஓர் ஆய்வு தொடங்குமுன் அறநெறிக் குழுவின் அனுமதி பெற வேண்டும். பங்கேற்பவருக்குப் புரியும் மொழியில் விவரத்தாள் தந்து விளக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவராயின், ஆய்வுக் குழுவைச் சாராத நடுநிலைச் சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். எப்போது வேண்டுமாயினும் விலகிக் கொள்ளலாம். விலகியதற்காக வழக்கமான சிகிச்சை மறுக்கப்படலாகாது. பயணச் செலவையும் இழந்த கூலியையும் ஈடு செய்யலாம். ஆனால் பணத்தாசை காட்டி இழுத்தல் கூடாது. முதியவர் தாமே முடிவு செய்ய இயலாத நிலையில், சட்டப்படி உரியவர் அவர் சார்பில் சம்மதிக்கலாம். அப்போதும் முதியவரின் விருப்பு வெறுப்பு மதிக்கப்பட வேண்டும்.

பேணுபவரின் சொந்தச் சுமையைப் பற்றி வினவும் ஆய்வில் அவரே பங்கேற்பாளர். ஆகவே சம்மதமும் அவருடையதாகவே இருத்தல் வேண்டும். கணவர் தலையசைத்தார், மாமனார் ஒப்பினார் என்பது மருமகளின் சம்மதம் ஆகாது. பிறர் எதிரில் தம் துன்பத்தைச் சொல்ல அவர் கூசுவார். தனித்துப் பேச அவருக்கு இடமளிக்க வேண்டும்.

ஊராட்சியின் அனுமதி ஊருக்குள் வருவதற்கு மட்டுமே. அது எந்த வீட்டாரின் சம்மதத்துக்கும் பதிலாகாது என்று மேற்கூறிய விதிகளே கூறுகின்றன. தெருவை நாம் திறந்து விடலாம். வீட்டுக் கதவை வீட்டாரே திறக்க வேண்டும்.

ஊராட்சி உறுப்பினர் கவனத்துக்கு

1. ஆய்வுக் குழு வந்தால், எந்த நிறுவனம், எந்த அறநெறிக் குழுவின் அனுமதி என்று கேட்டு, எழுத்து மூலமான ஆதாரத்தைப் பார்வையிடுக. மருத்துவச் சிகிச்சைச் சோதனையாயின், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் அதன் பதிவு எண்ணையும் கேட்க.

2. ஆய்வின் நோக்கத்தைக் கூட்டத்தில் பொதுவாக விளக்கச் செய்க. ஆனால் இன்னார் வீட்டில் இந்நோய் உண்டு என்று கூட்டத்தில் பெயர் சொல்லற்க. வீட்டாரைக் கேளாமல் பட்டியல் தயாரித்து அளிக்கவும் வேண்டாம். விருப்பமுள்ளோர் தாமே அணுகுவதற்கு வழியைக் கூறினால் போதும்.

3. வெற்றுத் தாளிலோ முத்திரைத் தாளிலோ கைநாட்டு கேட்பவர் ஆய்வாளர் அல்லர். பட்டாவுக்கும் சம்மதப் படிவத்துக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. படிவத்தின் நகல் வீட்டாரிடம் தரப்படுகிறதா என்று கவனிக்க.

4. ரேஷன், ஓய்வூதியம், வீட்டு வசதி முதலியவற்றோடு ஆய்வை இணைத்துப் பேச எவரையும் அனுமதிக்கற்க. மறுத்த குடும்பத்தின் மீது மனத்தாங்கல் கொள்ளவும் வேண்டாம்.

5. ஆய்வாளர் வரும் நேரத்தைப் பேணுபவர் குறிக்கட்டும். பேட்டி நடக்கும் வேளையில் முதியவரைப் பார்த்துக் கொள்ள அண்டை வீட்டார் ஒருவரை ஏற்பாடு செய்தால் அது பேருதவி.

6. முடிந்த ஆய்வின் முடிவை ஊருக்கு வந்து கூற வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக் கொள்க. கொடுத்த வயலின் விளைச்சலை அறிய உரிமை உண்டன்றோ?

ஆய்வு எதுவும் வாராத ஊரிலும் செய்ய வேண்டிய பணி ஒன்று உண்டு. இது நோய் என்று கூறி, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும், அங்கிருந்து தேவையானால் ஜில்லா மனநலத் திட்ட மருத்துவருக்கும் குடும்பத்தை வழிப்படுத்துவதே அது. முதியோருக்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய இலவசத் தொலைபேசி எண்களை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதி வைக்கலாம்.

ஆராய்ச்சிக்கு இடம் தருவது நம் ஜில்லாவுக்குப் புதிதன்று. 1959-ல் தொடங்கிக் காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்தில் நடத்திய சுகாதார, குடும்ப நலப் பணி நாட்டினர் கவனத்தை ஈர்த்தது. கிராம மக்கள் கதவைத் திறந்து பதில் கூறியிராவிடில் அது நிறைவேறியிராது. இன்று மறதி நோயாளரைப் பேணும் பெண்கள் தம் வீட்டுக்குள்ளேயே கற்றறிந்தவை எந்த நூலிலும் இல்லை. அவர்கள் விரும்பிக் கூறினால், அவ்வறிவு பிற குடும்பங்களுக்கும் வழிகாட்டும். விரும்பாவிடில், அவர்களுடைய மௌனத்துக்கும் காவலாக நிற்பது ஊராட்சியின் கடமையாகும்.