தஞ்சாவூர் பொம்மையும் தகரப் படகும்

பிளாஸ்டிக் பரவுவதற்கு முன், 1950-களில், சென்னைக் குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்கள் பெரும்பாலும் மரம், மண், தகரம் ஆகியவற்றால் ஆனவையாக இருந்தன. அந்நாளில் மயிலாப்பூர் மாடவீதிகளின் திருவிழாக் கடைகள் அவற்றுக்குரிய சந்தைகளுள் ஒன்றாக விளங்கின. அடுப்பு, குடம், அம்மி போன்ற வீட்டுப் பொருள்களைச் சிறிய அளவில் மரத்தில் கடைந்து, அரக்குச் சாயம் ஏற்றிய சொப்புச் சாமான்களுக்கு அம்பாசமுத்திரம் பெயர்பெற்றது.

இப்பொருள்கள் பொழுதுபோக்குடன் இயற்பியலையும் கற்பித்தன. தஞ்சாவூர் பொம்மையின் அடிப்பகுதி கனமான அரைக்கோளமாகவும் மேற்பகுதி இலேசாகவும் அமைவதால், எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளியான ஈர்ப்பு மையம் மிகத் தாழ்வாக இருக்கிறது. ஆகவே எவ்வளவு சாய்த்தாலும் அது மீண்டும் நிமிர்கிறது. தகரப் படகிலோ, எண்ணெய்த் திரியின் சூட்டில் சிறு கொதிகலனின் நீர் ஆவியாகி, குழாயில் உள்ள நீரைப் பின்னோக்கித் தள்ள, அதன் எதிர்விசையால் படகு முன்னேறுகிறது; ஆவி குளிர்ந்து சுருங்கும்போது நீர் மீண்டும் உள்ளே வர, இச்சுழற்சி டப்டப் ஒலியுடன் தொடர்கிறது. இத்தகைய படகுக்கு 1891-இல் பிரிட்டனில் காப்புரிமை பெறப்பட்டது.

தஞ்சாவூர் பொம்மை இன்று புவிசார் குறியீடு பெற்று விற்பனையில் நீடிக்கிறது. பழைய தகரப் பொம்மைகளோ எளிதில் துருப்பிடிப்பவை. எனவே பரணில் கிடப்பவற்றைப் பழைய இரும்புக்குப் போடாமல் ஈரம்படாது பேணுவது ஒவ்வொரு குடும்பத்தின் கடமையாகும்.