பாம்பு சட்டை உரிக்கச் சிரமப்பட்டால் என்ன செய்வது?

செல்லப்பிராணி என்றாலே பூனை, நாய், கிளி என்று எழுதிச் சலித்துப்போன மாணவர்களுக்காக இந்த முறை கொஞ்சம் வித்தியாசமான தலைப்பை எடுத்திருக்கிறேன். கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் பாம்பு வளர்க்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். உங்கள் வகுப்பிலேயே ஒருவர் இருக்கலாம். பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. ஆனால் சட்டை உரிக்கும் நாட்களில் நடுங்குவது பெரும்பாலும் பாம்புதான். அதற்கு அப்போது கண் சரியாகத் தெரியாது. கட்டுரையின் இறுதியில் மொழிக்குறிப்பும் பயிற்சியும் உள்ளன.

பாம்பு ஏன் சட்டை உரிக்கிறது?

பாம்பின் மேல்தோலின் வெளி அடுக்கு கெரட்டின் என்ற பொருளால் ஆனது. நம் நகமும் முடியும் அதே பொருள்தான். இந்த அடுக்கு உயிரற்றது, அதனால் உடல் வளர வளர அது கூடவே வளராது. எனவே பாம்பு அடியில் ஒரு புதிய தோலை உருவாக்கிக்கொண்டு, பழையதைக் கழற்றிப் போடுகிறது. பள்ளிச் சீருடை சிறுத்துப்போனால் புதியது தைப்பதுபோலத்தான். வேகமாக வளரும் குட்டிகள் ஏறத்தாழ மாதம் ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பாம்புகள் ஆண்டுக்குச் சில முறைதான் உரிக்கும்.

முதலில் பாம்பின் நிறம் மங்கும். பிறகு கண்கள் பால் கலந்த நீல நிறமாகும். பழைய தோலுக்கும் புதிய தோலுக்கும் இடையில் ஒரு திரவம் ஊறுவதே இதற்குக் காரணம். இந்தத் திரவம்தான் இரண்டு அடுக்குகளையும் பிரித்து விடுகிறது. சில நாட்களில் கண் மீண்டும் தெளியும். அதற்குப் பிறகு பாம்பு தன் மூக்கைக் கல்லிலோ கட்டையிலோ உரசி, வாயோரத்தில் தோலைக் கிழித்து, காலுறையைக் கழற்றுவதுபோல உள்பக்கம் வெளியே தெரியும்படி முழுச் சட்டையையும் விட்டு வெளியேறும். எல்லாம் சரியாக நடந்தால் சட்டை ஒரே துண்டாகக் கிடைக்கும்.

நம் ஊர் ஈரத்தில் எப்படிச் சிக்கல் வரும்?

சட்டை துண்டு துண்டாகக் கிழிந்து உடலில் ஒட்டிக்கொண்டால் அதுதான் சிக்கல். இதற்கு முதல் காரணம் ஈரப்பதக் குறைவு. “கோலாலம்பூரில் ஈரப்பதம் எப்போதும் 80 விழுக்காட்டை ஒட்டித்தானே இருக்கிறது, பிறகென்ன?” என்று நீங்கள் கேட்கலாம். வெளியே அப்படித்தான். ஆனால் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி ஒன்றில் இரவெல்லாம் ஏர்கோன் ஓடும் அறையை நினைத்துப் பாருங்கள். ஏர்கோன் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுகிறதே, அது எங்கிருந்து வந்தது? அந்த அறைக் காற்றில் இருந்த ஈரம்தான். மனிதருக்கு அது சுகம். கூண்டில் இருக்கும் பாம்புக்கோ தோல் காய்ந்துவிடும்.

வேறு காரணங்களும் உண்டு. போதிய தண்ணீர் இல்லாமை, சத்துக்குறைவு, பழைய காயத் தழும்பு, உரசுவதற்குக் கரடுமுரடான பொருள் எதுவும் கூண்டில் இல்லாமை ஆகியவை அவற்றுள் சில. உண்ணிகளும் காரணமாகலாம். கண்ணைச் சுற்றியோ தாடைக்கு அடியிலோ நகரும் சிறு கரும்புள்ளிகள் தெரிந்தால் சந்தேகப்படுங்கள்.

செய்ய வேண்டியவை

கண் நீலமாக மாறியதுமே கூண்டின் ஈரத்தைக் கூட்டுங்கள். பலர் வளர்க்கும் பால் பைத்தன் என்ற ஆப்பிரிக்க மலைப்பாம்புக்குச் சாதாரண நாட்களில் ஏறத்தாழ 60 விழுக்காடு ஈரம் வேண்டும். சட்டை உரிக்கும் நாட்களில் அதைவிடச் சற்றுக் கூடுதலாக வைக்க வேண்டும். ஒரு மூடிய டப்பாவில் பாம்பு நுழையுமளவு ஓட்டை போட்டு, உள்ளே ஈரப்பாசியையோ நனைத்துப் பிழிந்த துணியையோ வையுங்கள். ஈரப்பதமானி ஒன்று இருந்தால் ஊகிக்க வேண்டியதில்லை. இந்த நாட்களில் பாம்பைத் தூக்குவதையும் இரை கொடுப்பதையும் தவிர்ப்பது நல்லது.

பாம்பு பெரும்பகுதியை உரித்து முடித்து, அதன்பின்னும் துண்டுகள் ஒட்டியிருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள்.

1. காற்றோட்டமுள்ள டப்பாவில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றுங்கள். சூடு 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் போதும். தண்ணீர் பாம்பின் உடல் உயரத்தைத் தாண்டக்கூடாது.
2. 20 முதல் 30 நிமிடம் பாம்பை அதில் விடுங்கள். பக்கத்திலேயே இருங்கள்.
3. பிறகு ஈரத்துண்டுக்குள் அதை ஊர்ந்து போக விடுங்கள். துண்டின் உராய்விலேயே பெரும்பாலான தோல் கழன்றுவிடும்.
4. மிச்சம் இருந்தால் ஈர விரலால் தலையிலிருந்து வால் நோக்கி மெதுவாகத் தடவுங்கள். வராவிட்டால் விட்டுவிட்டு மறுநாள் மீண்டும் செய்யுங்கள்.
5. முடிந்ததும் சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்கள். ஊர்வன சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும்.

செய்யக் கூடாதவை

காய்ந்த தோலைப் பிய்க்காதீர்கள். கீழே உள்ள புதிய தோல் இன்னும் மென்மையானது, அதுவும் சேர்ந்து கிழியும். தேங்காய் எண்ணெய் தடவச் சொல்பவர்கள் இருப்பார்கள். தோலுக்கு வேண்டியது நீர், எண்ணெய் அல்ல.

இரண்டு இடங்களில் கூடுதல் கவனம் வேண்டும். முதலாவது கண். பாம்புக்கு இமை கிடையாது. ஒளி ஊடுருவும் ஒரு செதில்தான் கண்ணை மூடிக் காக்கிறது, அதுவும் சட்டையோடு சேர்ந்து உரிய வேண்டும். உரித்த சட்டையின் தலைப்பகுதியில் இரண்டு கண் மூடிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். கண்ணில் தங்கிவிட்டால் இடுக்கி கொண்டு எடுக்க முயலாதீர்கள், கண் பார்வையே போய்விடலாம். இரண்டாவது வால் நுனி. அங்கே தோல் வளையமாகத் தங்கி இறுகினால் இரத்த ஓட்டம் தடைபட்டு நுனி அழுகும்.

கண் மூடி தங்கிவிட்டாலோ, வால் நுனி கறுத்தாலோ, ஒவ்வொரு முறையும் சிக்கல் வந்தாலோ கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். எல்லா மருத்துவரும் ஊர்வனவற்றைப் பார்ப்பதில்லை, முதலில் அழைத்துக் கேளுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட இனங்களை உரிமம் இல்லாமல் வைத்திருப்பது குற்றம். வாங்குவதற்கு முன்பே பெர்ஹிலித்தானிடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வீட்டுக்குள் காட்டுப் பாம்பு வந்தால் அதைப் பிடித்து வளர்க்க நினைக்காதீர்கள். 999க்கு அழையுங்கள்.

மொழிக்குறிப்பு

உரி என்றால் தோலை நீக்கு. உறி என்றால் பானையைத் தொங்கவிடும் கயிற்று அமைப்பு. மாணவர்கள் ‘சட்டை உறித்தது’ என்று எழுதுவதைப் பார்க்கிறோம், அது பிழை. அரவம் என்ற சொல்லுக்குப் பாம்பு, ஒலி என இரு பொருள் உண்டு. ‘தோலுரித்துக் காட்டுதல்’ என்ற மரபுத்தொடர் ஒருவரின் உண்மை உருவத்தை வெளிப்படுத்துவதைக் குறிக்கும்.

பயிற்சி

1. ஏர்கோன் ஓடும் அறையில் பாம்பின் சட்டை ஒட்டிக்கொள்வது ஏன்? காரணத்தையும் விளைவையும் இணைத்து இரண்டு வாக்கியங்களில் எழுதுக.
2. கண் மூடியை இடுக்கியால் எடுக்கக்கூடாது என்பதற்கான காரணத்தைச் சொந்த வாக்கியத்தில் எழுதுக.
3. ‘அடுக்குமாடி வீட்டில் ஊர்வன வளர்ப்பது சரியா?’ என்ற தலைப்பில் ஆதரித்தும் மறுத்தும் இரண்டு இரண்டு கருத்துகளைக் குழுவில் பேசிப் பட்டியலிடுக.

மூன்றாவது கேள்விக்கு ஆசிரியர்கள் 15 நிமிடமாவது ஒதுக்குங்கள். பாம்புக்குப் பயப்படும் மாணவர்கள்தான் இதில் அதிகம் பேசுவார்கள்.