வயருக்கு விலையா, வாய்ப்பேச்சுக்கு விலையா?



வீட்டுக்கு ஒரு பெரிய சாமான் வாங்கப் போனால் நாம் நாலு கடை ஏறி இறங்குகிறோம். விலை விசாரிக்கிறோம், பேரம் பேசுகிறோம், இரண்டாயிரம் ரூபாவைக் குறைப்பதற்காக அரைமணி நேரம் வாதாடுகிறோம். ஆனால் பில் போடும் நேரத்தில், "இதையும் சேர்த்து எடுங்கள்" என்று ஒரு சின்னப் பெட்டியைக் கடைக்காரர் மேசையில் வைத்தால், அதன் விலையை நாம் கேள்வி கேட்பதில்லை. பெரிய சாமானில் மிச்சம் பிடித்த பணம் அந்தச் சின்னப் பெட்டியில் போய்விடுகிறது. டீவிக்கும் ஸ்பீக்கருக்கும் பூட்டுகின்ற கேபிள் வயர் அப்படிப்பட்ட ஒரு பெட்டிதான்.

எனது தங்கச்சிக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். அவள் தையல் தைத்துக் குடும்பத்தைப் பார்ப்பவள். பல மாதங்கள் கட்டிய சீட்டு விழுந்ததும், பிள்ளைகள் நெடுநாள் கேட்டுக் கொண்டிருந்த டீவியை வாங்குவதற்கு மூத்த மகனோடு கடைக்குப் போயிருந்தாள். அங்கிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தாள்.

"நானா, டீவி சரி. ஆனா கூட வாற வயர் சரியில்லையாம். பதினெட்டாயிரத்து ஐந்நூறு ரூபா வயரொன்று இருக்காம். தங்க முலாம் போட்டதாம். அது இல்லாட்டி படம் தெளிவா வராதாம். என்ன செய்ய?"

"அது எத்தனை மீற்றர்?" என்று கேட்டேன்.

"ரெண்டு மீற்றர்."

"சாதாரண வயர் என்ன விலை?"

"ஆயிரத்து நானூறு. ஆனா அத வாங்கினா டீவிய வாங்கினதில பிரயோசனமில்லயென்று சொல்றாங்க. மகனும் அதத்தான் கேக்கிறான்."

"இன்றைக்கு டீவியை மட்டும் எடுத்துக் கொண்டு வா. வயரை நாளைக்குப் பார்ப்போம்" என்றேன். தையல்காரிக்குப் பதினேழாயிரம் ரூபா என்பது எத்தனை சட்டைகள், எத்தனை இரவுகள் என்பதை நீங்களே கணக்குப் பார்த்துக் கொள்ளுங்கள்.

நான் மின்சாரம் படித்தவனல்லன். அரபுக் கல்லூரியில் ஓதி, அதே துறையில் ஓதிக் கொடுப்பவன். என்றாலும் எங்கள் கல்லூரியின் ஒலிபெருக்கியைப் பல வருடங்களாகக் கவனிப்பவன் என்ற வகையில் வயரோடு எனக்குக் கொஞ்சம் பழக்கமுண்டு. மறுநாள் கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் இந்த வியாபாரத்திலுள்ள எனது பழைய மாணவர் ஒருவரிடம் போய் விசாரித்தேன். அவர் சிரித்துக் கொண்டே சொன்னார்: "ஹஸ்ரத், டீவியில் எங்களுக்குப் பெரிதாக மிச்சமில்லை. விலையை எல்லாரும் ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். வயரின் விலையை யாரும் ஒப்பிடுவதில்லை. மிச்சம் அதில்தான்."

படம் எப்படிப் போகிறது?

இக்காலத்து டீவிகளில் பூட்டப்படுவது எச்.டி.எம்.ஐ என்ற கேபிளாகும். ஹிட்டாச்சி, பானசொனிக், பிலிப்ஸ், சொனி, தொஷிபா முதலிய கம்பனிகள் சேர்ந்து 2002 ஆம் ஆண்டில் இதனை வெளியிட்டன. இதன் முனையில் 19 ஊசிகள் இருக்கின்றன. இதற்குள் படம் படமாகப் போவதில்லை. பூச்சியம், ஒன்று என்ற இரண்டே இலக்கங்களாக மாறித்தான் போகிறது. டீவி அந்த இலக்கங்களை வாசித்துப் படத்தைத் தானே அமைத்துக் கொள்கிறது.

முன்பு நமது வீடுகளுக்கு வந்த தந்தியை நினைத்துப் பாருங்கள். தந்திச் சேவகர் புதுச் சைக்கிளில் வந்தாலும் பழைய சைக்கிளில் வந்தாலும் தந்தியிலுள்ள வாசகம் ஒன்றுதான். சைக்கிள் வழியில் உடைந்தால் தந்தி வந்து சேராது. ஆனால் சைக்கிள் பழையது என்பதற்காக "சுகம்" என்ற சொல் "கொஞ்சம் சுகம்" என்று மாறிவிடாது.

எச்.டி.எம்.ஐ கேபிளும் அப்படித்தான். இலக்கங்கள் சரியாக வந்து சேர்ந்தால் 1,400 ரூபா வயரிலும் 18,500 ரூபா வயரிலும் வருவது ஒரே படம். சரியாக வந்து சேராவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், படம் இடையிடையே அறுபடும், அல்லது திரை கறுத்துப் போகும். நிறம் கொஞ்சம் மங்குவது, முகம் கொஞ்சம் தெளிவில்லாமலிருப்பது போன்றவை இந்த வயரின் குற்றமல்ல. அவற்றைத் திருத்துவதற்கு டீவியின் செட்டிங்கைத்தான் பார்க்க வேண்டும். கடையின் வெளிச்சத்தில் எடுப்பாகத் தெரிவதற்காக அளவுக்கு மிஞ்சிய பிரகாசத்தில் வைத்திருப்பார்கள். அதைச் 'சினிமா' அல்லது 'மூவி' என்ற நிலைக்கு மாற்றிப் பாருங்கள். செலவில்லாத வைத்தியம் இது.

அப்படியானால் எந்த வயரும் சரிதானா என்று கேட்பீர்கள். அப்படியுமல்ல. கேபிளுக்குத் தரமுண்டு. ஆனால் அந்தத் தரத்தின் அடையாளம் விலையல்ல, பெட்டியின் மேலுள்ள எழுத்து. 4கே டீவிக்கு 'பிரீமியம் ஹை ஸ்பீட்' என்ற வகை போதும். இது ஒரு செக்கனுக்கு 18 கிகாபிட் கொண்டு செல்லும். புதிய விளையாட்டுக் கருவிகளுக்கும் 8கே டீவிக்கும் 'அல்ட்ரா ஹை ஸ்பீட்' என்ற வகை தேவைப்படலாம். இது 48 கிகாபிட் கொண்டு செல்லும். இந்த இரண்டாம் வகையின் பெட்டியில், கைத்தொலைபேசியால் ஸ்கேன் செய்து அசலா போலியா என்று பார்ப்பதற்கான லேபல் ஒட்டப்பட்டிருக்கும். இவற்றைப் பார்த்து வாங்கினால் போதுமானது.

தங்க முலாம் என்ற கதை

தங்கம் என்றதும் நமது மனம் சற்று இளகி விடுகிறது. நகைக்கடையில் ஒரு பவுண் வாங்கும்போது எத்தனை கரட், சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு என்றெல்லாம் துருவித் துருவிக் கேட்கும் நமது பெண்கள், வயரின் முனையில் தங்கம் என்றதும் ஏன் ஒன்றும் கேட்பதில்லை?

உண்மை இதுதான். மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும் உலோகம் வெள்ளி. அடுத்தது செம்பு. தங்கம் மூன்றாவதுதான். முனைக்குத் தங்கம் பூசுவது படத்தை அழகாக்குவதற்கல்ல, அது கறுக்காது, களிம்பு பிடிக்காது என்பதற்காகத்தான். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் வாழும் நமக்கு அது பிரயோசனமானதே. ஆனால் அந்தப் பூச்சு மிக மிக மெல்லியது, அதற்குப் பெரிய செலவில்லை. ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு ரூபா வயர்களிலும் அது சாதாரணமாகவே இருக்கிறது. ஆகவே தங்கத்தின் பெயரால் பதினேழாயிரம் கேட்பது நியாயமாகாது.

ஸ்பீக்கர் வயர்

அம்ப்ளிபயரிலிருந்து ஸ்பீக்கருக்குப் போகும் வயரின் விடயம் வேறு. அங்கே இலக்கமில்லை, மின்சாரம்தான் போகிறது. ஆகவே வயரின் தடிப்பும் நீளமும் முக்கியமாகும். தண்ணீர்க் குழாய் ஒடுக்கமாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் குறைந்து வருவது போலத்தான் இதுவும்.

கணக்கையும் சொல்லி விடுகிறேன். சாதாரண ஸ்பீக்கர் 8 ஓம் அளவுடையது. போய்வரும் வயரின் தடை அதில் நூற்றுக்கு 5 பங்கை, அதாவது 0.4 ஓமைத் தாண்டாமலிருந்தால் நல்லது என்பது துறையினரின் பொது விதி. 1.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயரை 5 மீற்றர் தூரத்துக்கு இழுத்தால், போக வர 10 மீற்றருக்கும் சேர்த்துத் தடை சுமார் 0.12 ஓம்தான். தாராளமாகப் போதும். ஆனால் 0.2 சதுர மில்லிமீற்றர் அளவான நூல் போன்ற வயரை அதே தூரத்துக்கு இழுத்தால் தடை சுமார் 0.86 ஓமாகி விடும். அது கூடாது. மீற்றர் கணக்கில் விற்கும் சாதாரணச் செம்பு வயரில் தடிப்பானதை வாங்கினாலே காரியம் முடிந்தது.

1983 ஆம் ஆண்டிலேயே 'ஸ்டீரியோ ரிவியூ' என்ற அமெரிக்கச் சஞ்சிகை இதைச் சோதித்துப் பார்த்தது. எந்த வயர் பூட்டியிருக்கிறது என்று தெரியாமல் இசையைக் கேட்கச் செய்தபோது, விலைகூடிய கேபிளையும் சாதாரண 16 கேஜ் வயரையும் கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அதன் பிறகும் வியாபாரம் நிற்கவில்லை. 2008 இல் டெனொன் கம்பனி ஒன்றரை மீற்றர் நெற்வேர்க் கேபிளொன்றை 499 டொலருக்கு விற்றது. எந்தப் பக்கமாகப் பூட்ட வேண்டும் என்று அம்புக்குறியும் போட்டிருந்தது! அந்த வகைக் கேபிளில் தகவல் இரு பக்கமும் போய் வருவது.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய மோசடி வேறொன்று. அலுமினியக் கம்பிக்கு மேலால் செம்பு பூசி, செம்பு என்று விற்கிறார்கள். அலுமினியத்தின் தடை செம்பைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு. வயரின் நுனியைப் பிளேட்டால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பல்ல.

செலவு செய்ய வேண்டிய இடம்

மலிவானதே எப்போதும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. எங்கள் கல்லூரியின் வருடாந்தக் கூட்டமொன்றில் மேடையிலிருந்து அம்ப்ளிபயருக்கு மலிவான மைக் வயரை நீளமாக இழுத்திருந்தோம். பக்கத்திலேயே கரண்ட் வயரும் ஓடியது. பேசியவரின் குரலோடு "ம்..." என்ற இரைச்சலும் கடைசிவரை கேட்டுக் கொண்டேயிருந்தது. தூர இடத்திலிருந்து வந்த பெற்றோர் பாதிப் பேச்சை விளங்கிக் கொள்ளாமலே திரும்பிப் போனார்கள். பின்பு, உள்ளே இரண்டு வயரும் சுற்றிவரப் பின்னல் கவசமும் உள்ள பெலன்ஸ்ட் வகைக் கேபிளை வாங்கி, கரண்ட் வயரிலிருந்து விலக்கிப் போட்டோம். இரைச்சல் நின்றது. மைக்கிலிருந்து வரும் மின்சாரம் மிக நலிந்தது. நீளமான வயரில் அது இலகுவில் கெட்டுவிடும். அங்கே கொடுத்த காசு வீணாகவில்லை.

அதுபோலவே எச்.டி.எம்.ஐ வயரைப் பத்து, பதினைந்து மீற்றர் தூரத்துக்கு இழுக்க நேர்ந்தால் சாதாரணச் செம்புக் கேபிள் தடுமாறும். அப்போது ஒளி இழைக் கேபிளுக்குக் கூடுதலாகச் செலவழிப்பதில் நியாயமுண்டு. ஆனால் நமது வீட்டு மண்டபத்தில் டீவிக்கும் பெட்டிக்கும் இடையிலுள்ள தூரம் இரண்டு முழம்!

தங்கச்சி வீட்டுச் சோதனை

ஆயிரத்து நானூறு ரூபா வயரைப் பூட்டியதும் படம் வந்தது. மருமகனுக்கோ மனம் ஆறவில்லை. "கூட்டாளி வீட்டில் அந்த விலைகூடின வயர் இருக்கு மாமா, அதில நல்ல தெளிவு" என்றான். "போய் வாங்கி வா" என்றேன். அவனை அறைக்கு வெளியே அனுப்பிவிட்டு, அவனது உம்மா ஒவ்வொரு தடவையும் ஒரு வயரைப் பூட்டி, பெட்டியைத் துணியால் மூடினாள். அவன் உள்ளே வந்து பார்த்து எந்த வயர் என்று சொல்ல வேண்டும். பத்துத் தடவை செய்தோம். ஆறு தடவை சரி, நாலு தடவை பிழை. கண்ணை மூடிக் கொண்டு சொன்னாலும் ஏறத்தாழ அப்படித்தான் வரும். அவன் ஒன்றும் பேசாமல் வயரைச் சுருட்டிக் கொண்டு போனான். மிஞ்சிய பணத்தில் தங்கச்சி தனது தையல் மெஷினுக்கு மோட்டர் பூட்டிக் கொண்டாள்.

சகோதரிகளே! கடைக்குப் போனால் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது எத்தனை மீற்றர்? இது எந்த வகை? சரிவராவிட்டால் திருப்பி எடுப்பீர்களா? இவற்றுக்கு நேரான பதில் கிடைத்தால் அந்த வயரை வாங்கலாம். பதிலுக்குப் பதிலாக வர்ணனை மட்டுமே கிடைத்தால் பணப்பையை மூடி விடுங்கள்.

கடை வைத்திருக்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. நல்ல இலாபம் எடுப்பது குற்றமல்ல. ஆனால் "இது இல்லாவிட்டால் படம் வராது" என்பது இலாபமல்ல, பொய். அளவையிலும் நிறுவையிலும் மட்டுமல்ல, வர்ணனையிலும் மோசடி உண்டு. உங்கள் முன்னால் நிற்பவள் எத்தனை இரவுகள் விழித்துத் தைத்த காசைக் கையில் வைத்திருக்கிறாள் என்பதை வயர்ப் பெட்டியைக் கையில் எடுக்குமுன் சற்று நினைத்துப் பாருங்கள்.